இருபத்தாறு நிமிடங்கள்

தாஹிரா எந்தக் காகிதத்தில் எழுதத் தொடங்கினாலும் முதலில் பிஸ்மில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள், எண்களைப் பென்சிலால் எழுதி, இருமுறை சரிபார்த்து, அதன் பின்னரே பேனாவைத் தொடுவாள், தண்ணீரை மூன்று மடக்காகவன்றி ஒரே மூச்சில் குடித்தறியாள், மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டில் அவளோடு படிக்கும் தோழியர் அவளுக்குத் தராசு என்றே பெயர் வைத்திருந்தனர், அந்தத் தராசு இப்போது கல்லூரி நூலகத்தில் கணினியின் முன் அமர்ந்திருக்கிறது, பிற்பகல் வெயில் சன்னல் கம்பிகளை மேசைமேல் கோடு கோடாக வரைகிறது, ஆனால் அவள் பார்ப்பது வெயிலையன்று, ஒரு விரலின் நுனியில் சிவப்பாய்த் திரண்டு, விழாமல் நிற்கும் ஒரு துளியை, விரல் அவளுடையதன்று, மருதாணிக் கறை நகத்தில் பாதி வளர்ந்து ஒதுங்கிய, மீன் அறுத்துத் தழும்பேறிய விரல், திரையில் நூற்றிருபது பேரின் பெயரற்ற வரிசைகள், எண்பத்தேழாம் வரிசையில் அவள் கண் நின்றுவிடுகிறது, பிறர்க்கு அது வெறும் எண், அவளுக்கு அது ஜெய்னம்பு மாமி, பள்ளித்தோழி பல்கீஸின் உம்மா, அந்த வரிசையை எடுத்துவிடு என்கிறார் பேராசிரியர், எடுத்துவிட்டால் ஆய்வு பழுதில்லாமல் நிற்கும், ஓர் அந்திப் பொழுதில் தாஹிரா சொன்ன ஒரு சொல்லை அறிந்தவர் உலகத்தில் இருவரே, அவர்களுள் ஒருவருக்கு இப்போது பேச்சு இல்லை.

அது ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தின் கடைசி வாரமாக இருக்க வேண்டும், சமூக மருத்துவத் துறையின் பேராசிரியர் கமலவேணி தம் அறையில் மின்விசிறிக்கு நேரே அமர்ந்து அவளுடைய திட்டத்தைப் படிக்கிறார், ரமலான் நோன்பு நோற்கும் நீரிழிவுக்காரர்களின் உடல்நலமும் மனநலமும், நல்ல தலைப்பும்மா, நூத்தி இருபது பேர் வேணும், ஒவ்வொருத்தரும் குறைஞ்சது இருபது நோன்பு வச்சிருக்கணும், இல்லேன்னா கணக்கு நிக்காது, உன் ஊர்லயே செய், உனக்குன்னா கதவு திறப்பாங்க, என்றார், கதவுகள் திறக்கவே செய்தன, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்தத் தெருவில் அவள் ஏறாத படி இல்லை, ஆயினும் ஊசியைக் கண்டதும் திறந்த கதவுக்குப் பின்னால் எல்லாக் கைகளும் முந்தானைக்குள் போய்விட்டன, ரத்தம் வந்தா நோன்பு முறிஞ்சிரும் புள்ள, என்றாள் ஒருத்தி, மற்றவர்களும் அதையே சொன்னார்கள், இரண்டு நாளில் இருபத்துமூன்று வீடு ஏறி ஒரு துளிகூட அவளால் எடுக்க முடியவில்லை, மூன்றாம் நாள் பிற்பகலின் அஸர் தொழுகைக்குப் பின் தன் வாப்பாவோடு பள்ளிவாசலுக்குப் போய் இமாமான ஆலிம்சாவைக் கண்டாள், அவர் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார், விரல்ல குத்துனா நோன்புக்கு ஒண்ணும் ஆவாதும்மா, வேணும்னா எழுதியே தாறேன், என்று முழுத்தாள் ஒன்றை எடுத்து, அரபி எழுத்தின் சாயல் படிந்த சாய்ந்த தமிழில் எழுதத் தொடங்கினார், பாதியில் பேனாவை நிறுத்தி, இதையும் சேர்த்து எழுதுறேன், நீ கட்டாயம் எல்லாருக்கும் காட்டணும், உடம்பு தாங்காதுன்னு வைத்தியர் சொன்னா நோன்ப விடணும், அது படச்ச ரப்பு தந்த சலுகை, சொகமானபொறவு விட்டதத் திருப்பிப் புடிச்சிக் களாச் செய்யலாம், ஒருகாலும் முடியாதுன்னா ஏழைக்குச் சோறு குடுக்கலாம், நோன்பு திறக்க அஞ்சு நிமிசம் இருக்கையில உசுருக்கு ஆபத்துன்னாலும் திறந்துறணும், சலுகைய வேணாம்னு தள்ளுறது இபாதத் இல்ல, வணக்கமே இல்ல, வீம்பு, என்றார், கையொப்பம் இட்டார், பள்ளிவாசல் முத்திரையையும் ஒற்றிக் கொடுத்தார்.

அந்தத் தாளை அவள் வீட்டில் மேசைமேல் வைத்து நெடுநேரம் பார்த்திருக்கிறாள், பார்த்தபடியே இருக்கிறாள், முதல் நான்கு வரி அவளுக்குத் தேவை, அடுத்த ஒன்பது வரி உண்மை, ஆனால் அதை இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கொடுத்தால் எத்தனை பேர் நோன்பை விடுவார்கள், இருபது நோன்பு நிறையாதவர் எத்தனை பேர் ஆவார்கள், நூற்றிருபது அறுபதாகும், அறுபது நாற்பதாகும், ஆய்வு அடுத்த ஆண்டுக்குப் போகும், அடுத்த ஆண்டு அவள் மாணவியல்லள், இப்படியெல்லாம் அவள் சொற்களாக நினைக்கவில்லை, அதுதான் கொடுமை, விரல்கள் மட்டும் தட்டச்சுச் செய்தன, முதல் நான்கு வரி, அவற்றின் கீழே ஆலிம்சாவின் பெயர், பென்சிலால் எழுதி இருமுறை சரிபார்த்தவள், எழுதாமல் விட்டதை ஒருமுறையும் சரிபார்க்கவில்லை.

அதன்பின் கைகள் முந்தானையைவிட்டு வெளியே வந்தன, பேச்சும் வந்தது, ஆய்வுப் படிவத்தின் நாற்பத்திரண்டு கேள்விகளுக்கும் அந்தப் பெண்கள் சொன்ன விடைகளைக் கட்டத்துக்குள் அடைக்க முடியாமல் அவள் திணறினாள், ஜெய்னம்பு மாமி வீட்டில் மட்டும் இரண்டு மணி நேரம் ஆயிற்று, வாறா பாரு டாக்டரம்மா, நோன்பும் அதுவுமா ரெத்தம் குடிக்க, என்று மாமி பாயை உதறி விரிக்கிறாள், சென்ற இரண்டு வாரத்தில் எந்த வேலையிலாவது ஆசை குறைந்ததாக உணர்ந்தீர்களா, என்று தாஹிரா தாளைப் பார்த்து வாசிக்க, எந்த வேலையில புள்ள ஆசை வரும், சட்டி கழுவுறதுலயா, என்று மாமி குலுங்கிச் சிரிக்கிறாள், எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் மாமி, விடியுமுன்ன ஸஹருக்குச் சோறு ஆக்குறவளுக்கு உறக்கம் ஏது, ஒரு நாளைக்கி நீ வந்து ஆக்கிப் பாரு, அதையும் அந்தக் கட்டத்துல எழுதிக்கோ, உள்ளே அடுப்படியிலிருந்து பல்கீஸ், உம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, அவ பாஸாவணும், என்று கத்துகிறாள், மனம் நிறைவாக இருக்கிறதா என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் மாமி சிரிக்கவில்லை, பத்து வயசுல நோன்பு புடிக்க ஆரம்பிச்சேன், தீட்டு நாளையும் பிள்ளைப்பேறையும் தவிர ஒண்ணு விடல, விட்டதையும் கணக்கா களாச் செஞ்சிட்டேன், அந்த ஒண்ணுலதான் எனக்கு நெறைவு, வேற என்னத்த நான் கொண்டுபோவப் போறேன், என்றாள், அந்த விடைக்கு நேரே நான்கு என்று தாஹிரா பென்சிலால் எழுதினாள், மிகவும் நிறைவு என்பதற்கு நான்கு.

இருபத்தோராம் நோன்பு, மாலை ஆறு மணி ஒரு நிமிடம், தெரு முழுவதும் பள்ளிவாசல் கஞ்சியின் மணம், தூக்குவாளிகள் வாசல்களைக் கடந்துகொண்டிருக்கின்றன, பல்கீஸ் அடுப்படியில் வடை பொரிக்கிறாள், எண்ணெயின் இரைச்சலில் கூடத்துப் பேச்சு அவளை எட்டாது, தாஹிரா மாமியின் விரலைப் பிடித்து ஊசியால் தொடுகிறாள், துளி திரள்கிறது, கருவி ஐந்து நான்கு மூன்று என்று எண்ணி இறங்கி ஐம்பத்துநான்கு என்று காட்டுகிறது, எழுபதுக்குக் கீழே போனால் பங்கேற்பவரிடம் அறிவிக்க வேண்டும் என்பது ஆய்வின் விதி, மாமி, சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கு, நோன்பத் திறந்துருங்க, என்று அவள் அறிவித்தாள், ஆம், அறிவித்தாள், அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது, மாமி சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள், பாங்குக்கு எம்புட்டு நேரம் கெடக்கு, இருபத்தாறு நிமிசம் மாமி, இருபத்தாறு நிமிசத்துக்கா புள்ள நான் நோன்ப விடுறது, எனக்கு மயக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல, நீயும் நோன்புதானே, உனக்குத் தெரியாதா, என்று மாமி அவள் முகத்தைப் பார்க்கிறாள், தாஹிராவுக்குத் தெரியும், பகலெல்லாம் காய்ந்த நாக்கு, அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் தாகமே ஒரு சுவையாக மாறும் என்பது, முழு நாளின் பாரமும் அந்தச் சில நிமிடங்களில் கனிந்து கைக்கு வரும் என்பது, அவற்றைப் பறிப்பது எவ்வளவு கொடியது என்பது, இதைக் கமலவேணி மேடம் அறியமாட்டார், எந்தப் பாடநூலும் அறியாது, நோன்பாளியே அறிவாள், மாமி அவள் கையைப் பற்றிக்கொண்டு கேட்டாள், நீ டாக்டரு, நீயே சொல்லு, இருபத்தாறு நிமிசம் இருக்கலாமா கூடாதா, நீ கூடாதுன்னா இப்பவே திறந்துர்றேன், தாஹிரா கடிகாரத்தைப் பார்த்தாள், இருக்கலாம் மாமி, என்றாள்.

இருந்தார்கள், இருவரும் பாயில் எதிரெதிரே, மாமி தஸ்பீஹ் மணியை உருட்டினாள், மகன் மலேசியாவிலிருந்து அனுப்பிய போர்வையைப் பற்றிச் சொன்னாள், பின்னர் அதையே மீண்டும் சொன்னாள், மூன்றாம் முறை சொல்லும்போது நெற்றியில் வியர்வை முத்து முத்தாய், தாஹிராவைப் பார்த்து ஹவ்வாம்மா என்று கூப்பிட்டாள், ஹவ்வாம்மா மாமியின் தங்கை, இறந்து ஒன்பது ஆண்டு, தாஹிரா எழுந்து அடுப்படிக்கு ஓடுகிறாள், சீனி, சீனி, என்கிறாள், பல்கீஸ் கையிலிருந்த கரண்டி விழுகிறது, திரும்பி வரும்போது மாமியின் உடல் வில்லாய் வளைந்து உதறுகிறது, பற்கள் கட்டிக்கொண்டன, சீனித் தண்ணீர் கன்னத்தின் வழியே கழுத்துக்கு வழிகிறது, நினைவிழந்தவள் வாயில் ஊற்றக்கூடாது என்று அவள் படித்த பாடம் அப்போதுதான் வந்து நிற்கிறது, ஆட்டோவில் ஏற்றுகையில் பாங்கு ஒலித்தது, அல்லாஹு அக்பர், தெருவெங்கும் பேரீச்சம்பழம் வாய்க்குப் போகும் நேரம், மாமியின் தலை தாஹிராவின் மடியில், ரயில்வே கேட் மூடியிருக்கிறது, சரக்கு வண்டி பெட்டி பெட்டியாகப் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, இன்றும் சில நாள் உறக்கத்தில் அந்த வண்டி போகிறது, ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எண், எண்பத்தைந்து, எண்பத்தாறு, அதற்கு மேல் அவள் விழித்துக்கொள்கிறாள்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஏற்ற ஏற்றச் சர்க்கரை இறங்கிற்று, சிறுநீரகம் முன்பே தளர்ந்திருந்தது, ஸஹரில் போட்ட சர்க்கரை மாத்திரை உடம்பைவிட்டுப் போகவில்லை, விடியும்வரை இப்படித்தான் இழுக்கும், என்றார் பணியிலிருந்த மருத்துவர், நான்காம் நாள் மாமி கண் திறந்தாள், கண் மட்டுமே திறந்தது, இப்போது பிடித்தால் எழுந்து உட்காருகிறாள், ஊட்டினால் உண்கிறாள், கொடுத்த தண்ணீரை விழுங்க மறந்து வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறாள், தொழுகை விரிப்பைக் காட்டினால் அதன் குஞ்சத்தைத் தடவிப் பார்க்கிறாள், பெருநாள் கழிந்து தாஹிரா பார்க்கப் போனபோது பல்கீஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், நீ மட்டும் அன்னைக்கி அங்கன இல்லாட்டி உம்மா மவுத்தாயிருக்கும் தாஹிரா, ரப்புதான் உன்ன அனுப்பிவச்சான், ஐவேளைத் தொழுகையிலும் உனக்கு துஆச் செய்றேன், என்றாள், அவள் தோளுக்கு மேலாக மாமி பார்த்துக்கொண்டிருந்தாள், அறிந்த பார்வையா அறியாத பார்வையா என்று தாஹிராவால் இன்றுவரை முடிவுகட்ட இயலவில்லை, இல்ல பல்கீஸ், என்று தொடங்கினாள், பல்கீஸ் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு, பால் காய்ச்ச உள்ளே போய்விட்டாள், போகும்போது சொன்னாள், உம்மா வீம்பு புடிச்சி நோன்ப விடாம இருந்திருக்கும், அதுக்கு எப்பவும் வீம்புதான், நீ சொன்னாலும் கேட்டிருக்காது.

கேட்டிருப்பாள், கூடாது என்றால் இப்பவே திறந்துவிடுகிறேன் என்றாளே, அந்த வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது, நாற்பத்திரண்டு கேள்விகளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, இருக்கலாம் என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னால் போதுமா, அதற்கும் முன்னால் தட்டச்சில் ஏறாமல்போன ஒன்பது வரி இருக்கிறது, அவற்றைப் படித்திருந்தால் மாமி அன்று அவளிடம் கேட்டிருக்கவே தேவையில்லை, ஆலிம்சாவின் சொல்லுக்கு முன் வீம்பு நின்றிருக்காது, இவை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சுருண்டு கிடக்கின்றன, நூலகத்தின் வெயில் மேசையைவிட்டு நாற்காலிக்கு இறங்கிவிட்டது, தாஹிரா எண்பத்தேழாம் வரிசையைத் தேர்ந்தெடுக்கிறாள், அது நீல நிறமாகிறது, நீக்கும் விசைமேல் விரலை வைக்கிறாள், எடுக்கிறாள், இப்படி எத்தனை முறை என்று அவளுக்கே தெரியாது, நீக்கினாலும் மாமிக்குப் பேச்சு வராது, நீக்காவிட்டாலும் வராது, சொன்னால் பல்கீஸின் துஆ நின்றுவிடும், அவ்வளவே, சொல்லாவிட்டால் அந்த துஆ நாள்தோறும் ஐந்துமுறை வந்து அவள்மேல் விழுந்துகொண்டே இருக்கும்.

கைப்பேசி அதிர்கிறது, கமலவேணி மேடம், நூலகத்தின் நடைவெளிக்கு வந்து பேசுகிறாள், என்னம்மா, சென்னை மாநாட்டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள், அந்த ஒரு கேஸ எடுத்தாச்சா, தொடர்பு விட்டுப்போனவர்னு ஒரு வரி போட்டுரு, நீ விதிப்படி சொல்லியிருக்கே, அவங்கதான் கேக்கல, உன்மேல ஒரு தப்பும் இல்ல, நான் கையெழுத்துப் போடுறேன், என்கிறார், குரலில் உண்மையான பரிவு, அந்தப் பரிவைத் தாங்கமுடியாமல் தாஹிரா சுவரில் சாய்ந்துகொள்கிறாள், அவங்க கேட்டாங்க மேடம், நான்தான் இருக்கலாம்னு சொன்னேன், என்று சொல்கிறாள், இத வேற யார்ட்டயாவது சொன்னியா, என்கிறார் பேராசிரியர் தாழ்ந்த குரலில், இல்ல மேடம், என்கிறாள் தாஹிரா, சொல்லாதே, நல்லா யோசிச்சுக்கோ, உன் வாழ்க்கை இது, யோசிச்சிட்டேன் மேடம், ஆலிம்சா எழுதுனதுல பாதிய நான் விட்டதும் உங்களுக்குத் தெரியாது, அத எழுதி உங்க மேசையில வச்சிட்டுப் போறேன், நாளைக்கிக் காலையில ஊருக்குப் போறேன், பல்கீஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேன், என்றாள் தாஹிரா.