அத்தானின் உலோகம்

அக்காவின் கணவர் வருடக்கணக்கில் பாடுபட்டு உருக்கிய கலப்பு உலோகம், கடைசியில் சோதனைக்காகச் சின்னுவிடமே வந்து சேர்ந்தது. ஹீலியம் அயனிகளைப் பாய்ச்சும் கருவி அவள் ஆய்வகத்தில் மட்டுமே இருந்தது. டங்ஸ்டனோடு அவர் வேறு சில உலோகங்களைச் சேர்த்திருந்தார். அணு இணைவு உலையில் உருவாகும் ஹீலியம் மோதினாலும், அதன் உட்சுவராக இதுவே தாக்குப்பிடிக்கும் என்று நம்பினார். கொண்டுவந்த சிறு தகடுகள் முகம் பார்க்கலாம்போல் பளபளத்தன.

"மச்சினிகிட்டயே பரீட்சை எழுத வேண்டியதாப் போச்சு" என்று சிரித்தார்.

"வேற யாரையாவது செய்யச் சொல்லட்டுமா அத்தான்?"

"வேண்டாம். நீயே செய். சலுகை மட்டும் காட்டிடாத."

முதல் தகட்டைச் செக்கச்செவேலெனச் சூடேற்றி, பகல் முழுவதும் அயனிகளைப் பாய்ச்சினாள். ஹீலியம் எதனோடும் ஒட்டாது. உலோகத்துக்குள் புகுந்தால் தனியாகக் கூடிக் குமிழாகும். குமிழ் பெருத்து மேற்பரப்பை உள்ளிருந்தே நெம்பும். கருவியைத் திறந்தபோது தகடு கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தாள். பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் மெல்லிய உலோக நூல்கள் மண்டிக் கிடந்தன. வெறும் டங்ஸ்டனுக்கு நேர்வதுதான். அத்தான் சேர்த்தவை அதை இம்மியளவும் தடுக்கவில்லை.

அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

"எப்படி வந்திருக்கு?"

"முதல்ல அத்தான்கிட்ட சொல்லிடறேன்க்கா."

"அப்ப சரியா வரல." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "சூட்டைக் கொஞ்சம் குறைச்சு வெச்சா கறுக்காதுன்னு அவரே ஒரு நாள் சொன்னாரு. பார்த்துச் செய்யேன் சின்னு."

"உலைக்குள்ள அவ்வளவு சூடு இருக்குமேக்கா."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அத்தான் வந்தார். தகட்டை வாங்கியவர், அவள் தடுப்பதற்குள் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார். கறுப்பு விரலோடு வந்துவிட்டது. அடியில் மங்கலான சாம்பல் நிறம் தெரிந்தது.

"உள்ள நல்லாத்தான் இருக்கு பாரு."

சின்னு அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். மாதிரித் தகட்டில் விரல் பட்டால் தன் ஆட்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுபவர் அவர். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொண்ணு போடு. நானும் கூட இருக்கேன்."

கருவியின் சிறு கண்ணாடி வழியே, தணலாய் ஒளிர்ந்த தகட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேக்கும்பாங்க. இந்த ஹீலியம் வீட்டையே இடிக்குதே" என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பொழுது சாய்ந்ததும் மின்சாரத்தை நிறுத்தினாள். தகடு சிவந்து, மங்கி, அணைந்தது. கருவிக்குள் விளக்கைப் போட்டாள். கறுப்பு அப்படியே இருந்தது.

"இரு, ஆறட்டும்."

"ஆறிடுச்சு அத்தான்."

வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார். "உள்ளதை எழுதிடு. உங்கக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவர் சொல்லவில்லை. சின்னுவின் அறிக்கையைப் பார்த்து அவருடைய ஆராய்ச்சிப் பிரிவையே மூடிய பிறகுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. சின்னுவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வர மறுத்துவிட்டாள்.

"அம்மா அப்பா போனப்புறம் உன்னை வீட்டுல வெச்சுப் படிக்க வெச்சவருடி அவரு."

"மாத்தி எழுதுன்னு அவர் ஒரு வார்த்தை கேக்கலக்கா."

"அவரு கேக்க மாட்டாரு. உனக்கா தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

அக்கா படியிறங்கிப் போனாள்.

அத்தானுக்கு வேறு ஊரில், மின்விளக்கு இழை செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவர்கள் வீட்டைக் காலி செய்த அன்று சின்னுவும் போய்ப் பெட்டிகளைச் சுமந்தாள். எதை எங்கே வைப்பது என்று அக்கா கூலியாட்களிடம் சொன்னாள். சின்னுவிடம் சொல்லவில்லை.

இப்போதும் சின்னு போன் செய்வதுண்டு. அத்தான்தான் எடுப்பார். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும்.

"அக்கா இருக்காளா?"

"இருக்கா. கை வேலையா இருக்கா. நீ சாப்பிட்டியா?"