பச்சை ஓணான் நீலமானது எப்படி

1

இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. அருங்காட்சியக இயக்குநரின் தொலைபேசியில் உதித்தது. புதுக்கூடத் திறப்புவிழா மலருக்கு, அவர் 'கண்டுபிடித்த' நீல மர ஓணானைப் பற்றி மனத்தைத் தொடும்படி ஒரு கதை வேண்டுமாம். தொடங்கினேன்:

அடர்ந்த கானகத்தின் மௌனத்தில், நீல வைரமென ஒளிர்ந்தது அந்த

(நிறுத்திவிட்டேன். அந்த ஓணானைக் காட்டில் பிடித்தவள் என் அக்கா, அதே அருங்காட்சியகத்தில் ஆய்வாளர். அவளைக் கேட்டுவிடலாமே.)

2

"நீலமா? தளிர்ப் பச்சைடா அது. ஸ்பிரிட்ல போட்டு வெச்சா பச்சையில இருக்கற மஞ்சள் கரைஞ்சு போயிடும், நீலம் மட்டும் நிக்கும். எங்க டைரக்டர் ஜாடியைப் பார்த்தே புது இனம் கண்டுபிடிச்சுட்டாரு."

"நீ சொல்லலையா?"

"சொன்னேனே. 'கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா'ங்கறாரு. கூடத்துல வைக்கிற பெரிய ஓணான் பொம்மைக்கும் நீலம் அடிச்சாச்சு. நானும் புது இனம்தான்னு கையெழுத்துப் போட்டா வேலை நிரந்தரம். இல்லைன்னா வீட்டுக்கு."

(அடிக்குறிப்பு: இந்த ஓணான் மரத்தண்டிலேயே வாழும். நாம் நெருங்கினால் தண்டின் மறுபக்கம் நழுவும். சுற்றி வந்தால் அதுவும் சுற்றும். முட்டையிட மட்டும் பெண் தரையிறங்கும். ஆண், எதிரியைக் கண்டால் தலையாட்டும். அருங்காட்சியகக் குழுவினர் மேலதிகாரியைக் கண்டால் ஆட்டுகிறார்கள். இரண்டுக்கும் முதுகெலும்பு உண்டென்றுதான் புத்தகம் சொல்கிறது.)

3

இயக்குநரை இப்படியே எழுதினால் கேலிச்சித்திரம் என்பீர்கள். ஒரு நல்ல குணம் சேர்த்துவிடுகிறேன்: தினமும் காலையில் அவர்

(யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

முடிவு அ: அக்கா கையெழுத்திடுகிறாள், கூடமே கைதட்டுகிறது. அவளிடம் படித்துக் காட்டினேன். "வெக்கமா இல்ல உனக்கு?"

முடிவு ஆ: விழா மேடைக்கே உயிருள்ள பச்சை ஓணான் ஏறி வருகிறது, உண்மை வெல்கிறது. "சினிமாவா எடுக்கற?"

4

நடந்தது இதுதான். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க அக்கா பச்சைச் சாயமும் தூரிகையுமாகக் கூடத்தில் ஏணி போட்டு ஏறினாள். ஏணியைப் பிடித்தவன் நான். பொம்மையின் வால் பச்சையாகிவிட்டது. முதுகும் பாதி ஆகிவிட்டது. இயக்குநர் உள்ளே வந்தார்.

"யாரைக் கேட்டும்மா இதெல்லாம்?"

அக்கா தூரிகையைக் கீழே வைக்கவில்லை. பதில் சொல்ல வாய் திறந்தாள்.

இங்கே நிறுத்துகிறேன். மலருக்கும் இதையே அனுப்புகிறேன், ஓர் அடைப்புக்குறிகூட மாறாமல். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை வேலையைவிட்டுத் துரத்துங்கள், அழவையுங்கள், உங்கள் இஷ்டம். "மன்னிச்சிடுங்க சார்" என்று மட்டும் அவள் வாயில் எழுதிவிடாதீர்கள். ஏணியை நான் இன்னும் விடவில்லை.