காஸ் தலையில் ஒரு மைனஸ் ஒன்று

...இல்லை, இந்த வரிசையிலும் இல்லை, சைன் இருக்கிறது, காஸ் இருக்கிறது, டேன் இருக்கிறது, செக் மட்டும் எங்கே போய்த் தொலைந்தது, கால்குலேட்டரைக் கவிழ்த்து முதுகுப்புறம்கூடப் பார்த்தாகிவிட்டது, கொழுந்தன் தாளில் தெளிவாகத்தான் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், கொட்டகை அகலம் மூன்று மீட்டர், கூரைச் சரிவு இருபது டிகிரி, தகட்டு நீளம் மூன்று பெருக்கல் செக் இருபது என்று. முதலில் அதை ஏதோ பேங்க் செக் என்றுதான் நினைத்தேன், பட்டறையில் ரசீது எழுதுகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்... "அக்கா, நீளம் சொன்னீங்கன்னா கோடு போட்டுடுவேன்" என்கிறார் தகடு வெட்டுகிறவர், கையில் சாக்பீஸோடு, பாவம், அவரும் எவ்வளவு நேரம்தான் நிற்பார். நீலத் தகட்டில் மிச்சம் இருப்பது இந்த ஒரு கட்டுதான், பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகைக்கு, நீளமாக வெட்டிவிட்டால் நறுக்கிக்கொள்ளலாம், குறைத்து வெட்டிவிட்டால் என்ன செய்வது, தகடு என்ன துணியா, ஒட்டுப் போட...

பின்பக்கம் வெல்டிங் சத்தம் நின்று நின்று வருகிறது, என் வீட்டுக்காரர், இவர் வேலை செய்கிறாரா, இல்லை நான் திணறுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாரா தெரியவில்லை, காலையில் கால்குலேட்டரை என் மேஜையில் வைத்துவிட்டு, "அவன் இல்லாட்டி பட்டறை படுத்துடுமா? நீ போடு கணக்கை" என்றார். அதே வார்த்தையைத்தான் போன வாரம் தம்பியின் முகத்துக்கு நேராகவும் சொன்னார், ஒரு கேட் ஓர் அங்குலம் குறைந்துபோனது, அளந்தது நீ, இல்லை அண்ணன்தான், நீ, நீங்கதான்... ஒரு அங்குலத்துக்கு அண்ணன் தம்பி இப்படியா முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்? கொழுந்தன் கையைக் கழுவினார், என் மேஜைக்கு வந்தார், "வரேன் அண்ணி" என்றார், போய்விட்டார். நானும் டீ குடிக்கத்தான் போகிறார் என்று தலையாட்டினேன், மடச்சி, ராத்திரி சாப்பாட்டுக்கும் வராதபோதுதான் உறைத்தது, சிநேகிதன் அறையில் இருக்கிறாராம். வரேன் என்றால் போகிறேன் என்றும் அர்த்தம், வருவேன் என்றும் அர்த்தம், அவர் எதைச் சொன்னார்? கால்குலேட்டரை விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே, அது மறதியா, இல்லை இனி வேண்டாம் என்றா, இல்லை எடுக்க வருவேன் என்றா...

சரி, கணக்கைப் பார். காஸ் பொத்தானுக்கு மேலே மஞ்சளில் இன்னொரு காஸ், அதன் தலையில் பொடியாக ஒரு மைனஸ் ஒன்று. ஒரு நாள் சாப்பிடும்போது கொழுந்தன் சொன்னது ஞாபகம் வருகிறது, "செக்குக்குத் தனிப் பொத்தான் கிடையாது அண்ணி, காஸைக் கவுத்துப் போட்டா அதான் செக்", தட்டைக்கூடக் கவிழ்த்துக் காட்டினார், அதில் ஒட்டியிருந்ததெல்லாம் தரையில், துடைத்தது நான். கவிழ்ப்பது என்றால் இந்த மைனஸ் ஒன்றுதானே? ஷிஃப்ட், காஸ், இருபது... எரர். மறுபடி. எரர். என்னைப் பார்த்துத்தான் சொல்கிறதோ? அன்றைக்கு அவர் இன்னும் ஏதோ சொன்னார், காஸ் தலையில் இருக்கிற மைனஸ் ஒன்று வந்த வழியே கோணத்துக்குத் திரும்பிப் போவதற்கு, கவிழ்ப்பதற்கு இல்லை என்று... அப்படியானால் கவிழ்ப்பது எது? பேசாமல் போன் போட்டுக் கேட்டுவிட்டால்? அது ஒரு நல்ல சாக்கு. ஆனால் இவர் காதில் விழுந்தால், ஒரு கணக்குக்கு அவன் காலில் விழணுமா என்பார். நானே கண்டுபிடித்துவிட்டாலோ, பார்த்தியா, அவன் இல்லாமலே நடக்குது என்பார், அதற்குமேல் அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? விடை வந்தாலும் வம்பு, வராவிட்டாலும் வம்பு. எனக்கு இது வரவேண்டுமா வேண்டாமா என்றே எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், அவர் வீட்டுக்கு வரவேண்டும்.

மைனஸ் ஒன்றே வேண்டாம், வெறும் காஸால் பெருக்கிப் பார்ப்போம்... இரண்டு புள்ளி எட்டு ஒன்று ஒன்பது. மூன்று மீட்டருக்கும் குறைவா? சரித்துப் போடுகிற தகடு அகலத்தைவிட நீளமாகத்தானே இருக்கவேண்டும், சுவரில் சாத்திய ஏணியைப் பார்த்தாலே தெரியுமே. பெருக்கினால் சுருங்குகிறது, அப்படியானால் வகுத்தால்? மூன்று வகுத்தல் காஸ் இருபது... மூன்று புள்ளி ஒன்று ஒன்பது இரண்டு. அட. ஓரத்தில் எக்ஸ் என்று ஒரு பொத்தான், அதன் தலையிலும் அதே பொடி மைனஸ் ஒன்று, காஸ் இருபதைப் போட்டுவிட்டு அதை அமுக்கி மூன்றால் பெருக்கினாலும் அதே விடை, கவிழ்ப்பது இதுதான்! ஒரே குறி, அங்கே உட்கார்ந்தால் திரும்பிப் போ, இங்கே உட்கார்ந்தால் கவிழ்த்துப் போடு, இப்படி வைத்தால் மனுஷி என்ன செய்வாள்? சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம். அப்புறம்தான் தோன்றியது, இனி போன் போடச் சாக்கு இல்லை.

போட்டேன். "தம்பி, இந்த செக் எங்க இருக்குன்னே தெரியல" என்றேன், விடை கண்ணெதிரே மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து, "காஸால வகுங்க அண்ணி, எவ்ளோ வருது?" நான் பொத்தான்களைச் சும்மா தட்டினேன், "மூணு மீட்டர் நூத்தித் தொண்ணூத்திரெண்டு மில்லி." "சரியா இருக்கு, ஆனா அப்படியே வெட்டிடாதீங்க, இன்னொரு நூறு மில்லி சேத்துக்கங்க, இல்லேன்னா மழைத்தண்ணி மொத்தமும் தூண் மேலதான் ஊத்தும், அதை எழுத விட்டுட்டேன்." வெட்டுகிறவரிடம் நூறு சேர்த்தே சொன்னேன், சாக்பீஸ் கோடு விழுந்தது. "சாப்பிட்டீங்களா தம்பி?" என்றேன், கேட்க நினைத்தது அது இல்லை. "ஆச்சு. சரி அண்ணி, வரேன்." வைத்துவிட்டார்... வரேன் என்றா சொன்னார்? போனை வைக்கும்போது எல்லோரும் வைக்கிறேன் என்றுதானே சொல்வார்கள், நேரில் கிளம்புகிறவன்தானே வரேன் என்பான், வாய் தவறி வந்ததா? பின்னால் வெல்டிங் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை, இவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார், "என்னவாம்?" என்றார், கேட்காதது மாதிரி. "ஒண்ணுமில்ல, வரேன்னு சொன்னாரு உங்க தம்பி" என்றேன், போனை வைத்துவிட்டார் என்கிற அர்த்தத்தில்தான் சொன்னேன்.

"எப்ப?" என்றார் இவர்.