கண்ணாடியிலிருந்து எழுந்து போனவள்

ஸ்டுடியோக்காரர் மனைவியின் பிம்பம் கண்ணாடியை விட்டு எழுந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெறும் வயிற்றோடு போகவில்லை என்பதில் எல்லோருக்கும் ஓர் ஆறுதல்.

அந்தத் தெருவில் வேறு ஸ்டுடியோக்கள் இருந்தும் கூட்டம் இவரிடம்தான். ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, முகமும் பிம்பமும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார். முகம் அவர் சொன்னபடி கேட்கும், பிம்பம் கேட்காது. விறைத்துக்கொண்டு உட்கார்ந்த தலைமையாசிரியர் கண்ணாடிக்குள் கொட்டாவி விட்டார். ஒரு மாமியாரும் மருமகளும் தோளில் கைபோட்டுச் சிரித்தார்கள். கண்ணாடிக்குள் இருந்த இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். யாரும் படத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. "லைட்டு கொஞ்சம் சரியில்ல" என்று முனகிவிட்டுச் சட்டம் போட்டு எடுத்துப் போனார்கள்.

கல்யாண நாள்தோறும் மனைவியையும் அப்படி ஒரு படம் எடுப்பது அவர் வழக்கம். அவள் அவரைப் பார்ப்பாள். பிம்பமோ அவரைத் தாண்டி வாசற்கதவைப் பார்க்கும். முதல் வருடம், யாரோ வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று அவரும் திரும்பிப் பார்த்தார். பிறகு அது ஒரு முள்ளாகவே தைத்துவிட்டது. ஒரே ஒரு படத்திலாவது கண்ணாடிக்குள் இருப்பவள் தன்னைப் பார்க்க வேண்டும். கண்ணாடியைச் சாய்த்தார், விளக்குகளை இடம் மாற்றினார், தட்டில் தண்ணீர் நிரப்பி அதில் எடுத்தார், கடைசியில் கரண்டியின் முதுகில்கூட எடுத்துப் பார்த்தார். கரண்டியிலும் அவள் கதவைத்தான் பார்த்தாள். கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

"அத்தான், அக்கா வெளியிலதானே இருக்கா? உள்ள இருக்கறவகிட்ட உங்களுக்கு என்ன வம்பு?" என்றான் மைத்துனன்.

"உன் அக்கா நான் சொன்னா சிரிக்கிறா. உள்ள இருக்கறவ தானா இருக்கா. அதான்டா வம்பு."

அந்த வருடம் கல்யாண நாளில் வாசற்கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றார். கண்ணாடிக்குள் கதவு திறந்தே கிடந்தது. "தாடையை இறக்கு, கண்ணு இங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிம்பம் எழுந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, கண்ணாடிக்குள் நின்ற அவரையும் சுற்றிக்கொண்டு, வெளியே போய்விட்டது.

"போறா பாரு! கூப்பிடு அவளை!"

"என்ன பேர் சொல்லிக் கூப்பிட? என் பேரைச் சொல்லி நானே கத்தவா?" என்றாள் மனைவி, நாற்காலியில் அசையாமல். பிறகு, "போகட்டும் விடுங்க. எனக்கும் அப்பப்போ தோணும். ஆனா அடுப்புல ஏதாவது வெந்துகிட்டு இருக்கும்" என்றாள்.

அவர் பூட்டைத் திறந்து தெருமுனை வரை ஓடினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் தெருவில் எதைத் தேடுவது? சலூன்காரரிடம் விசாரித்தார். சலூன் கண்ணாடிகளில் நேற்றிலிருந்து முடி வெட்ட வந்தவர்கள் தவிர யாரும் வரவில்லை என்று அவர் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

அதன்பின் வருடங்கள் போயின. கடைக் கண்ணாடிகளில் மனைவியின் பிம்பம் விழுவதில்லை; அவள் தூக்கிப் போகும் கூடை மட்டும் தனியாகப் போகும். தெரு அதற்குப் பழகிவிட்டது. தலைமையாசிரியர் மட்டும் கூடைக்கு வணக்கம் சொல்வார். கல்யாண நாள் படங்களில் அவள் முகம் தெளிவாக விழுந்தது, பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு காலி நாற்காலியோடு. ஸ்டுடியோக்காரர் அதையும் குவியம் பிசகாமல் எடுத்தார். வேறென்ன செய்வார்?

இப்போதெல்லாம் காலையில் அவள் அவர் எதிரே வந்து நிற்பாள். அவர் முகத்தை இரண்டு கைகளாலும் வெளிச்சத்துக்குத் திருப்பி, இமைக்காமல் அவர் கண்களுக்குள் பார்ப்பாள். இத்தனை நேரம் அவள் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார்.

"அவ இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு, அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள்.