மூடிக்கு மேல் வளையம்

நான் ஊரில் இல்லாத மூன்று வாரத்தில் என் கணவர் ஜாடிகளுக்கெல்லாம் வளையம் மாட்டி வைத்திருந்தார்.

அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போனவள் அன்று காலைதான் வீடு திரும்பினேன். பெட்டியைக் கூடப் பிரிக்காமல் நேரே ஸ்டோர் ரூமுக்குத்தான் போனேன். வீட்டை விட்டுப் போனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அறைதான். மனிதர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள், ஜாடிகள் பார்த்துக்கொள்ளாது. விளக்கைப் போட்டதும் கண் கூசியது. அலமாரி முழுக்கப் பித்தளை நிற வளையங்கள், நகைக்கடை மாதிரி. நான் தேதிப்படி அடுக்கியிருந்த வரிசை போயே போய்விட்டது. தக்காளி எல்லாம் ஒரு பக்கம், சோளம் ஒரு பக்கம், பூசணி ஒரு பக்கம், கண் மட்டத்துக்கு நேராக இரண்டு தட்டு நிறையப் பச்சைப் பசேலென்று பீன்ஸ்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காயை நிரப்பிய கண்ணாடி ஜாடியைக் கொதிக்க வைக்கும்போது தட்டை மூடி நகராமல் இருக்க அதைச் சுற்றித் திருகுவதுதான் வளையம். ஆறியதும் மூடி டக்கென்று உள்ளிழுத்து ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு வளையத்தைக் கழற்றி, கழுத்தைக் கழுவித் துடைத்து, வெறும் மூடியோடுதான் அலமாரியில் ஏற்ற வேண்டும். உள்ளே ஏதாவது கெட்டுப் பொங்கினால் மூடி தானாகத் தூக்கிக்கொள்ளும். மறுநாள் போய்ப் பார்த்தால் எது கெட்டது என்று ஜாடியே சொல்லிவிடும், எடுத்துக் கொட்டிவிடலாம். வளையத்தைப் போட்டு இறுக்கிவிட்டால் அதற்குச் சொல்ல வழியில்லை. வாயைக் கட்டிப் போட்ட மாதிரி. தூக்கிய மூடி திரும்பவும் ஒட்டிக்கொண்டு, நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருக்கும். தக்காளிக்காவது புளிப்பு இருக்கிறது. பீன்ஸ் போலப் புளிப்பில்லாத காயில் விஷம் ஊறினால் நிறத்தில் தெரிய வேண்டும் என்றில்லை, வாசனையில் தெரிய வேண்டும் என்றில்லை. ஒரு வாய் போதும், ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். நல்ல ஜாடியென்றாலும் திறந்ததும் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் வாயில் வைக்க வேண்டும். இதை இந்த மனிதரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக்கொண்டே செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

சமையலறையில் அவர் புது ஏப்ரன் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத ஏப்ரன்.

"வளையத்தை எல்லாம் யார் போட்டது?"

"நான்தான். எப்படி இருக்கு? வெறும் மூடியோட பார்த்தா பழைய பாட்டில் கடை மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு வீடியோ எடுக்க அந்தப் பொண்ணு வருது இல்ல? பாப்பாவையும் மாப்பிள்ளையையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். கடைச் சாமான் ஒண்ணு கூடக் கிடையாது. எல்லாம் நம்ம தோட்டம், நம்ம ஜாடி."

"போடும்போது ஏதாவது மூடி லூசா இருந்துச்சா?"

கத்தியை நிறுத்தி யோசித்தார். அவர் யோசித்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

"ரெண்டு மூணு லேசா ஆடுச்சு. அமுக்கி நல்லா டைட் பண்ணிட்டேன். அப்படியே விட்டுடுவேனா?"

"எது எது?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? கலர் கலரா மாத்தி அடுக்கினேன் இல்ல."

அட கடவுளே என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். எந்த ஜாடி என்று தெரிந்தால் இரண்டு மூன்றோடு போயிருக்கும். தெரியாது என்றால் அத்தனையும் சந்தேகம்தான். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, நல்லா இருக்கா என்று கேட்கிற மனிதரிடம் என்னத்தைச் சொல்ல? குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது பூமாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்விடும், அதை வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டாது.

அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வாயால் பிழைக்கிறவர். சாயங்காலங்களில் 'தன்னிறைவு இல்லம்' என்று இணையத்தில் பேசுகிறார். தெருவில் அவருக்குத் 'தன்னிறைவு' என்றே பெயராகிவிட்டது. "தன்னிறைவு கடைக்குப் போறார் பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள். வீடியோவில் எப்போதும் 'நாங்கள்'தான். நாங்கள் விதைக்கிறோம், நாங்கள் பறிக்கிறோம், நாங்கள் பதப்படுத்துகிறோம். படத்தில் என் கை மட்டும் வரும். மணிக்கட்டு வரைக்கும். காம்பு கிள்ளும் கை, ஜாடி கழுவும் கை, கொதிக்கிற தண்ணீரிலிருந்து இடுக்கியால் தூக்கும் கை. முகம் அவருடையது.

இந்த ஜாடிகள் எப்படி வந்தன என்று அவருக்கு நினைவிருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு வருஷம் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவர் சோபாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். நான் பின்கட்டு மண்ணைக் கொத்தினேன். அக்காவிடம் அவளுடைய பழைய ஜாடிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். அந்த வருஷம் பாப்பா பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனதெல்லாம் அலமாரியிலிருந்துதான். கொள்கை கிள்கை எல்லாம் எனக்குத் தெரியாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தன்னிறைவு. அவருக்கு மறுபடி வேலை கிடைத்து நிமிர்ந்த பிறகு அதுவே உபதேசமாகிவிட்டது. போகட்டும், பேசிக்கொள்ளட்டும் என்று விட்டேன். விட்டது தப்பு.

சாப்பாட்டு மேஜை மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் தட்டால் மூடியிருந்தது. திறந்தேன். பீன்ஸ். எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்துக் கலந்திருந்தார்.

"இதைக் கொதிக்க வெச்சீங்களா?"

"கொதிக்க வெச்சா அந்தப் பச்சை போயிடும். கேமராவுல மங்கலாத் தெரியும். ஜாடியிலேர்ந்து அப்படியே எடுத்துக் கலந்துட்டேன்."

நான் கிண்ணத்தைத் தூக்கினேன். அவர் அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பண்ற?"

"கொட்டப் போறேன். வயித்துப் பிள்ளைக்காரி வர்றா, அவளுக்கா இதைக் கொடுப்பீங்க? அறிவிருக்கா உங்களுக்கு?"

"மெதுவாப் பேசு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நான் மோந்து பார்த்தேன்."

"மோந்து பார்த்தீங்களா! மோந்து பார்த்தாரு!"

வாசலில் மணி அடித்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்காத. சும்மா மேஜையில இருக்கட்டும், படத்துக்கு. பாப்பா தட்டுல வைக்க மாட்டேன். சத்தியமா" என்றார்.

கிண்ணத்தை விட்டுவிட்டுக் கதவைத் திறக்கப் போனேன். பாப்பா ஏழாம் மாதத்து வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியேறி வந்தவள் அப்படியே என்மேல் சாய்ந்துகொண்டாள். பெரியம்மா எப்படி இருக்கா, நடக்கிறாளா, நீ ஏம்மா இப்படி இளைச்சுட்ட என்று கேட்டுக்கொண்டே என் தோளைத் தடவினாள். பின்னால் மாப்பிள்ளை பழக்கூடையோடு வந்தார். அதற்கும் பின்னால் கேமராக்காரப் பெண், முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு. பாப்பாவுக்குச் செருப்பைக் கழற்றக் குனிய முடியவில்லை. நான் உட்கார்ந்து கழற்றிவிட்டேன். கால் வீங்கியிருந்தது. எழுந்து உள்ளே வருவதற்குள் முக்காலி நின்றுவிட்டது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவர் பேச ஆரம்பித்திருந்தார்.

"இந்த மேஜையில இருக்கிற ஒவ்வொரு பருக்கையும் நாங்களே விளைவிச்சது..."

பாப்பா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேமராக்காரப் பெண் கண்ணை எடுக்காமல், "பொண்ணுக்குப் பரிமாறுங்க அங்கிள். அந்தப் பச்சையா இருக்கே, அதை. நல்லா வரும்" என்றாள்.

அவர் தயங்கினார். இல்லை என்று சொல்ல மாட்டேன், தயங்கினார். என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி அள்ளி அவள் தட்டில் வைத்தார்.

அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. தெரியாமல் வளையம் போட்டார், சரி. புத்தியில்லாமல் அமுக்கி இறுக்கினார், அதுவும் சரி. இது தெரிந்து செய்தது. பெற்ற பெண்ணை விடவா அந்தச் சிவப்பு விளக்கு பெரிதாகிவிட்டது?

பாப்பா ஸ்பூனை எடுத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். ஸ்பூன் பறந்து போய் மாப்பிள்ளையின் சட்டையில் விழுந்தது.

"தொடாதடி அதை!"

"எங்க வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் பயம் ஜாஸ்தி" என்று அவர் கேமராவிடம் சொன்னார். சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பயம்தான். உங்களுக்கும் சேர்த்து நான்தான் பயப்பட வேண்டியிருக்கு. மூடி தூக்கின ஜாடியை அமுக்கி மூடினவரு இவரு. எதுன்னு கேட்டா தெரியாது. அதை எடுத்துப் பச்சையாக் கலந்து பிள்ளைத்தாய்ச்சி தட்டுல வைக்கிறாரு. சத்தியம் பண்ணி முழுசா அஞ்சு நிமிஷம் ஆகல. இதையும் படம் எடும்மா, நல்லா எடு. இதுவும் நாங்கதான், எங்க தன்னிறைவுதான்!"

"கட் பண்ணும்மா" என்றார்.

"அத்தை, உட்காருங்க முதல்ல" என்று மாப்பிள்ளை நாற்காலியை இழுத்தார். யார் பக்கம் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். பாப்பா மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவையே பார்த்தாள்.

"அப்பா, மூடி லூசா இருந்துச்சா?"

"கொஞ்சம்தாம்மா."

நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு பின்கட்டில் வேலியோரம் ஒரு குழி தோண்டினேன். எருக்குழியில் போட முடியாது, பக்கத்து வீட்டுக் கோழிகள் கிளறும். ஆழமாகத்தான் தோண்ட வேண்டும். தோண்டத் தோண்ட அழுகை வந்தது, ஆத்திரத்தில் வந்த அழுகைதான். வெயில் ஏறுமுன் பறித்து, முனை கிள்ளி, நார் உரித்து, நகமெல்லாம் கறுத்துப் போய், அந்த வேக்காட்டில் குக்கர் பக்கத்தில் நின்று நின்று கால் நரம்பு புடைத்து அடுக்கிய பீன்ஸ். ஒவ்வொரு ஜாடியும் ஆறும்போது டக், டக் என்று கேட்குமே, அடுத்த அறையில் படுத்துக்கொண்டு அதை எண்ணாமல் நான் தூங்கியதே கிடையாது. ஊர் முழுக்கக் கை தட்டும் அவருடைய பேச்சில் அந்தச் சத்தம் ஒரு தடவை கூட வந்ததில்லை. கூடை கூடையாகக் கொண்டு வந்து திறக்காமல் அப்படியே குழிக்குள் இறக்கினேன். மாப்பிள்ளை வந்து இரண்டு கூடை சுமந்தார். பாப்பாவும் குனியப் போனாள். "போய் உட்காருடி" என்று அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

கடைசிக் கூடையை இறக்கும்போது அவர் வெளியே வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே ஆறு பீன்ஸ் ஜாடிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ரோஸ் ரிப்பன்.

"இது நான் தனியா எடுத்து வெச்சது, பாப்பா வீட்டுக்குக் கொண்டு போக. நானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கினது. இதுல தப்பே இருக்காது. இதையாவது விட்டுடு."

இவ்வளவுக்குப் பிறகும். இவ்வளவு நடந்த பிறகும், பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாராம்!

"வளையத்தைக் கழட்டுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பார்த்துப் பொறுக்கினதுதானே. கழட்டுங்க, பார்ப்போம்."

பையைக் கல் மேல் வைத்துவிட்டு ஒன்றை எடுத்துத் திருகினார். வளையம் கழன்றது. மூடி அசையவில்லை. விரலால் தூக்கிப் பார்த்தார், ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. "பார்த்தியா?" என்றார். அடுத்ததைத் திருகினார். அதுவும் அசையவில்லை. "பார்த்தியா?" இந்த முறை பாப்பாவைப் பார்த்துச் சொன்னார். அவள் படியில் உட்கார்ந்தவள் எழுந்து பக்கத்தில் வந்திருந்தாள். ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றும் நிச்சயமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கேமராக்காரப் பெண் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விளக்கு எரிந்ததா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை.

மூன்றாவதை எடுத்தார். அரைச் சுற்றுத்தான் திருப்பியிருப்பார். யாரும் தொடாமலே மூடி உஸ்ஸென்று ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. உள்ளிருந்து வெள்ளையாக நுரை கிளம்பி, ஜாடியின் கழுத்தில் வழிந்து, ரிப்பனை நனைத்து, அவருடைய விரல்களுக்கு இடையே இறங்கியது.

அவர் ஜாடியைக் கீழே வைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. கையை நீட்டிப் பிடித்தபடியே என்னையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். வளையம் மட்டும் நழுவி விழுந்து, சிமெண்ட் தரையில் உருண்டு, பாப்பாவின் வீங்கிய காலருகே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது. அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.