தா அப்பா

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்திய மாதம், காஜா பெராங் சாலையில் கபீர் தையல் கடைத் தையல்காரன் சேதுராமன் கணுக்கால் வரை சிமெண்டுத் தரைக்குள் இறங்கியிருந்தான். முக்காலியும் தையல் மிஷினும் அவனோடு கூடவே இறங்கின. தரையில் கீறல் விழவில்லை. தண்ணீருக்குள் அசைவதுபோல் கால் உள்ளே அசைந்தது, பெடல் ஓடியது, தையலும் நேராக விழுந்தது. வேலை நிற்காதவரை முதலாளி கபீருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பேச்சுக்கு ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார். கொத்தனார் தட்டிப் பார்த்தார். தரையில் பழுதில்லை, ஆள்தான் இறங்குகிறான் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்.

கடைக்கு வந்திருந்தது கொடி ஆர்டர். சிவப்பும் வெள்ளையுமான பட்டைகளை யார் வேண்டுமானாலும் தைக்கலாம். பதினோரு முனை நட்சத்திரத்தை மட்டும் தையல் சுத்தமான சேதுராமனிடம் கொடுத்திருந்தார் கபீர். கொடுத்ததோடு நிற்காமல் பின்னாலேயே நின்று, "செப்பாட், செப்பாட்" என்றார். சேதுராமன் கப்பலிறங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. தமிழ்க் கடையில் வேலை, தமிழ்ச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் என்றே அவன் காலம் ஓடிவிட்டதால், அவனுக்குத் தெரிந்த மலாய் அந்த ஒரு சொல்தான். சீக்கிரம் என்று பொருள். அதைச் சொல்லிக்கொடுத்தவரும் கபீர்தான். பாடம் நாள் முழுக்க நடந்தது. ஒவ்வொரு செப்பாட்டுக்கும் அவன் ஒரு விரற்கடை இறங்கினான்.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்று கபீர் ஒரு நாள் கேட்கவும் செய்தார். "ஒன்னுமில்ல மொதலாளி" என்றான் சேதுராமன். சொன்ன மாத்திரத்தில் தொடை வரை போய்விட்டான். சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் பூங்காவனம் ஊசியில் நூல் கோத்தபடி, "என்ன அண்ணே, கப்பல் ஏறாமலே ஊருக்குப் போறீங்களா? அடியில குறுக்கு வழியா?" என்றாள். கடையே சிரித்தது. சேதுராமனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இடுப்பு வரை இறங்கினான்.

சாயங்காலமானால் இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அவனும் செமாபோக்கில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேருவான். காலையில் முக்காலியில் உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து இறங்குவான். மனைவி சந்திரமதியிடம் சொல்லவில்லை. சொல்லும்படியாகவும் இல்லை அது. இடுப்புக்குக் கீழே சில்லிட்டது. பாதத்துக்கு அடியில் மண்ணே இல்லை. கப்பலின் அடித்தட்டில் இயந்திரம் அதிர்வதுபோல் ஓர் அதிர்வு உள்ளங்காலைத் தொட்டது. வரும்போது உணர்ந்த அதே அதிர்வு; இப்போது திரும்பிப் போகும் திசையில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நட்சத்திரத்தின் முனைகளை எண்ணினான். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினான். ஒன்று குறைவதுபோல் இருந்தது. எண்ணுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வேகமாகத் தைத்தான், வேகமாக இறங்கினான்.

கழுத்தளவு போனது ஒரு மத்தியானத்தில். நாலு பேர் இழுத்தும் ஆள் அசையவில்லை. பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள். கபீர் பயத்தில் வேறு சொல் வராமல் "செப்பாட்! செப்பாட்!" என்று கத்த, தாடை தரையைத் தொட்டது. அப்போதுதான் கம்போங் செட்டியிலிருந்து பலகாரக் கூடையோடு சீதா வந்தாள். கெபாயாச் சட்டை, சாரோங் கைலி, நெற்றியில் திருநீறு. அந்தச் செட்டிகள் தமிழ் மறந்து தலைமுறைகள் ஆகியிருந்தன; பேச்சு மட்டும் மலாய். தரையில் ஒரு தலை அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தவள், கூடையை வைத்துவிட்டு மண்டியிட்டு அந்தத் தலையைத் தடவினாள்.

"தா அப்பா," என்றாள். "தா அப்பா, தா அப்பா."

அவள் பாஷையில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள். மலாய் தெரியாத சேதுராமனின் காதில் அது தமிழாக விழுந்தது. தா, அப்பா என்கிறாள். கழுத்துக்கு மேல் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒருவன் எதைத் தருவது? இருந்ததைத் தந்தான்.

"பயமா இருக்கும்மா. கொடி தச்சு முடிச்சதும், குடியுரிமைப் பேப்பர் இல்லாதவன எல்லாம் கப்பல் ஏத்திடுவாங்களாம். காப்பிக் கடையில பேசிக்கிறாங்க. ஒரு முனை கோணலாப் போனா என்னத்தான் மொதல்ல ஏத்துவாங்க. எம் பொண்ணு இங்க பொறந்தவ. அவ எந்தக் கரையில நிப்பா?"

தாடை தரையை விட்டு எழுந்தது.

"பைத்தியமாடா" என்று கேட்கத்தான் கபீர் வாயைத் திறந்தார். அந்தத் தாடையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். பெருத்த உடம்பைச் சிரமப்பட்டு மடக்கித் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் தெரிந்தே அந்தத் தப்பைச் செய்தார்.

"வேற என்ன வச்சிருக்க? தா, அப்பா."

சேதுராமன் தந்தான். தோள் வெளியே வந்தது. "ஏத்திடுவாங்களா மொதலாளி?" என்று கேட்டான்.

"அட அலமாக், எனக்கும் தெரியாதுடா. தெரிஞ்ச மாதிரி பொய் சொன்னா நீ திரும்ப உள்ள போயிடுவ. பேப்பர் குடுக்கிற ஆபீசுக்கு நானும் கூட வரேன். வரிசையில உனக்கு முன்னால நிக்கிறேன். ஏத்துனா என்னைய மொதல்ல ஏத்தட்டும். அப்புறம் கப்பல்ல எடம் ஏது?"

அன்று விளக்கேற்றுவதற்குள் சேதுராமன் கணுக்காலுக்கு வந்துவிட்டான். நட்சத்திரங்களை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கொடிகளில் பாதி தாமதமாகத்தான் தயாராயின. வாங்க வந்த அதிகாரி கத்தினார். கபீர் குனிந்து கேட்டுக்கொண்டாரே தவிர அந்தக் கத்தலைக் கடைக்குள் கொண்டுவரவில்லை. வரிசையில் சொன்னபடி முன்னால் நின்றார். பேப்பர் வர வருஷங்கள் ஆயின, வந்தது. அதுவரை தினமும் காலை பத்து மணிக்கு மிஷின்கள் நின்றன. கபீர் முக்காலி முக்காலியாகப் போய் உட்கார்ந்து "தா, அப்பா" என்றார், பூங்காவனத்திடம் "தா, அம்மா." யாருடைய பயமும் முழுசாகப் போய்விடவில்லை. சேதுராமன் கணுக்காலுக்கு மேல் ஏறவுமில்லை. அந்த அளவில் நின்று பழகிவிட்டது, அதுவே வசதி என்றான்.

செப்பாட் என்ற சொல்லை அந்தக் கடையில் மறந்தே போயிருந்த ஒரு நாள், வெட்டு மேஜைக்குப் பின்னால் கபீர் முட்டிவரை இறங்கியிருந்ததைப் பூங்காவனம் பார்த்தாள். "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்றார் கபீர், தொடைக்குப் போனார். மிஷின்கள் நின்றன. சேதுராமன் தரையிலிருந்து கால்களை உருவிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தாங்க, மொதலாளி."

கபீர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தந்தார், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறினார். அன்றைக்குச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள், கபீரின் கைக்கு எட்டும்படி முட்டி போட்டுக்கொண்டார்கள். சட்டைகள் நன்றாகவே அமைந்தன. நீளம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது.