ஒரு முழம் ஈர மணல்

மிகேலா பச்சோந்தியின் பின்னங்காலில் கருப்பு நூலைக் கட்டி, மறுமுனையைச் சவப்பெட்டியின் பித்தளைப் பிடியில் முடிச்சுப் போட்டபோது ரெக்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் புருஷனைப் பறிகொடுத்தவள் சிரிக்கக் கூடாது. சால்வை நுனியை வாயில் வைத்து அடக்கினாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஈ மொய்க்குது அண்ணி. அண்ணன் மூக்கு மேலேயே உக்காருது," என்றாள் மிகேலா. காசிமிரோவின் ஒரே தங்கை அவள். "இது எதுக்கு இருக்கு வீட்டுல? வேலை செய்யட்டும்."

ஈக்கு எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். முற்றத்துக்கு முற்றம் மல்லிகைக் கொடியில் ஒரு பச்சோந்தி காலில் நூலோடு உட்கார்ந்திருக்கும். ஈயைத் தின்னும், வாடகை தராது, வம்பும் பேசாது. அக்டோபரில் மூன்று நாளாகக் கீழைக்காற்று அடித்து ஈயெல்லாம் வீட்டுக்குள் புகுந்துவிட்ட நேரத்தில் ஒரு சாவு விழுந்தால், அதைத் தலைமாட்டுக்குக் கொண்டுவராத வீடு கிடையாது. மிகேலா ஒரு மாதுளைக் கிளையை ஒடித்து மெழுகுவர்த்தித் தண்டோடு சேர்த்துக் கட்டி அதில் ஏற்றிவிட்டாள்.

காசிமிரோ அதற்கு மார்கேசா என்று பெயர் வைத்திருந்தார். சீமாட்டி என்று அர்த்தம். தூக்கிய காலை அது கீழே வைப்பதற்குள் கோயில் மணி பன்னிரண்டும் அடித்து முடிந்துவிடும், அப்படி ஒரு நடை. தினமும் அதைத் தொப்பியில் ஏற்றிக்கொண்டு கடலோர மணல்தோட்டத்துக்குப் போவார், அதே தொப்பியில் ஏற்றிக்கொண்டு திரும்புவார். அது வீட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் ரெக்லா ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. ஒரு கண் அடுப்பையும் மறு கண் தன்னையும் பார்க்கிற பிராணியை எப்படி நம்புவது என்று கேட்பாள். அவர் சிரிப்பார்.

உள்ளறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் பாதி குடித்து வைத்த தண்ணீர் டம்ளர் அப்படியே இருந்தது. மிகேலா விடியற்காலையில் அதைக் கழுவ எடுத்தாள். "இருக்கட்டும்," என்றாள் ரெக்லா. எட்டு மணிக்கு மறுபடி எடுத்தாள். "இருக்கட்டும்னு சொன்னேன்ல." ஏன் இருக்கட்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவர் கடைசியாகப் பேசினார். "ஒரு முழம் ஆழம். ஈர மணல். காஞ்சது ஆகாது." அவ்வளவுதான். பிறகு மூச்சு மட்டும் ஒரு மணி நேரம் வந்தது. மகன் கஸ்பர் அதை உடனே புரிந்துகொண்டான். நாற்பது வருஷம் மணலில் தக்காளி பயிரிட்ட மனிதர் மணலிலேயே படுக்க ஆசைப்படுகிறார். எங்கள் ஊரில் இப்போதெல்லாம் செத்தவர்களைச் சுவர் மாடத்தில் வைத்து மூடுவதுதான். மண்ணில் புதைத்து வெகுகாலம் ஆகிறது. விடிந்ததும் விடியாததுமாகக் கஸ்பர் கல்லறைக் காவலாளியோடு சண்டை போடக் கிளம்பிவிட்டான்.

பத்து மணி இருக்கும். ஈ காசிமிரோவின் புருவத்தில் உட்கார்ந்தது, மெழுகுவர்த்தியில் உட்கார்ந்தது, கடைசியில் மார்கேசாவின் தலையிலேயே உட்கார்ந்தது. அது வாயைத் திறக்கவில்லை. நேற்றுவரை வெங்காயத்தாள் பச்சையில் இருந்த உடம்பு கரிபோலக் கறுத்து, அங்கங்கே மஞ்சள் புள்ளி விட்டிருந்தது.

மிகேலா சிலுவை போட்டுக்கொண்டாள். "கருப்பு உடுத்திடுச்சு," என்றாள் மெதுவாக. "நாலு நாளா தின்னலன்னு வேற சொன்னீங்களே அண்ணி. அண்ணன் போகப்போறது அதுக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கு."

ஊர் வாய்க்கு ஏது மூடி? அரை மணியில் தெருவே வந்துவிட்டது. ஒருத்தி தன் ஜெபமாலையை அதன் முதுகில் தொட்டு எடுத்தாள். பல்வலிக்காரி ஒருத்தி கன்னத்தைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றாள். மீன் விற்கும் புரா அக்கா மட்டும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். "என் வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு நான் மத்தி வறுத்துத் தின்னேன். இது நாலு நாளா பட்டினியாம். எனக்கு வெக்கமா இருக்கு," என்றாள்.

ரெக்லாவுக்கு வெட்கம் இல்லை, பொறாமை. நேற்றிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் கல்லாக உட்கார்ந்திருக்க, கேவலம் ஒரு ஓணான் ஜாதி தன்னை முந்திக்கொண்டு துக்கம் காத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதை முறைத்துப் பார்த்தாள். அப்படி முறைத்ததில்தான் கவனித்தாள்.

அது கிளையில் நிற்கவில்லை. நூல் விட்ட மட்டும் கீழே இறங்கியது. தலைகீழாகத் தொங்கி, முன்னங்கையால் தரையில் பதித்த ஓடுகளைப் பிறாண்டியது. கை வழுக்கியது. மேலே ஏறியது, திரும்ப இறங்கியது, வேறொரு ஓட்டின்மேல் பிறாண்டியது. இந்த அலைச்சலை ரெக்லா எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே, எங்கே என்று யோசித்து, தன் அம்மா வீட்டுக் கோழிக்கூட்டில் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டாள்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அதைக் கையில் எடுத்து, அடிவயிற்றில் விரலை வைத்தாள். திராட்சை நிரப்பிய துணிப்பைபோல உள்ளே உருண்டை உருண்டையாக நெருடியது.

"மிகேலா, இது துக்கம் இல்ல. முட்டை."

ஜெபம் நின்றது.

"அண்ணி, ராத்திரி பூரா நீங்க கண்ணே மூடல. கொஞ்சம் சூப்பு குடிங்க."

"தூங்கலன்னா கையுமா மரத்துப்போச்சு? நீயே தொட்டுப் பாரு."

தொட்டது புரா அக்கா. "அட ஆமா," என்றாள். "சினை மீனை நாப்பது வருஷமா தடவிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? நிறைமாசம், அதான் கறுத்துக் கிடக்கு. ஆனா ரெக்லா, இது ஓட்டுத் தரையில போடாது. மண்ணுல குழி பறிச்சுத்தான் போடும். எங்க அண்ணன் வீட்டுல ஒண்ணு இப்படித்தான் இடம் தேடித் தேடி, முட்டை உள்ளேயே தங்கிச் செத்துச்சு. நாலு நாள் ஆச்சுன்னா இன்னைக்குத் தாண்டாது."

ரெக்லாவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் காசிமிரோ தொப்பி காலியாக வீட்டுக்கு வந்தார். மார்கேசா எங்கே என்றதற்கு, "தோட்டத்துப் புதர்ல விட்டிருக்கேன், கல்யாணம்," என்றார். இரண்டு நாள் கழித்துக் கூட்டிவந்தார், ஏதோ சம்பந்தி விருந்து சாப்பிட்டவர் மாதிரி முகம். செப்டம்பரில் பாதியாக அறுத்த ஒயின் பீப்பாய் ஒன்றை முற்றத்தில் கொண்டுவந்து போட்டார். குப்பை சேர்க்கிறார் என்று அவள் கத்தினாள். "வேணும், வேணும்," என்றார். மறுவாரம் படுத்துவிட்டார். ஒரு முழம் ஆழம். ஈர மணல். காஞ்சது ஆகாது.

கஸ்பர் வியர்த்து வழிய உள்ளே வந்தான். "அந்த ஆளு ஒத்துக்க மாட்டேங்கறான்மா. சுவர்தான், மண்ணு கிடையாதாம். நான் மேயரையே பாத்துடறேன்."

"வேண்டாம். அப்பாவைச் சுவர்லயே வை."

"அம்மா, அது அவரு கடைசி ஆசை."

"கடைசி ஆசைதான். அவருக்குக் கேக்கல. இவளுக்குக் கேட்டாரு." உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள்.

கஸ்பர் பச்சோந்தியைப் பார்த்தான், சவப்பெட்டியைப் பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்போ எனக்குன்னு ஒண்ணும் சொல்லலையா?" என்றான்.

"எனக்கும்தான் சொல்லல," என்றாள் ரெக்லா. பிறகு அவள் சமையலறைக்குப் போய் இரண்டு வாளியை எடுத்தாள்.

ஒன்பதாம் நாள் பூசைவரை கைம்பெண் வாசல்படி தாண்டக் கூடாது. அடக்கத்துக்குக்கூட ஆண்கள்தான் போவார்கள். மிகேலா கதவில் கையை வைத்து மறித்துக்கொண்டாள். "கஸ்பர் போகட்டும் அண்ணி."

"தபால் ஆபீஸ்காரன். மேலாப்புல வெள்ளையா கிடக்கறதை அள்ளிட்டு வருவான். ஈரம் எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாது."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் காலையில இருந்து ஓணானுக்கு ஜெபமாலை சாத்திட்டு இருக்கு. அது என்னை என்ன சொல்லிடும்? தள்ளு."

மிகேலா தள்ளி நின்றாள். கஸ்பர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அம்மா கையிலிருந்து வாளிகளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். மதுக்கடை வாசலில் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கழற்றிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ரெக்லா ஓடாத குறையாக நடந்தாள். இவ்வளவு வேகமாக அவள் தெருவில் நடந்து இருபது வருஷம் இருக்கும். அவளுக்கே அது பிடித்திருந்தது.

தோட்டத்தில் மண்வெட்டி அவர் கடைசியாக ஊன்றிய இடத்தில் நின்றது. அந்த இடத்திலேயே வெட்டச் சொன்னாள். நாலாவது வெட்டில் மணல் கருத்தது. ஒரு பிடி எடுத்து இறுக்கினாள். கையைத் திறந்தபோது உதிராமல் நின்றது. "இதுதான்," என்றாள். மூன்று நடை போனார்கள். பன்னிரண்டு மணிக்குப் பீப்பாய் நிறைந்தது.

மார்கேசாவை மணல்மேல் விட்டதும் அது ஒரு சுற்று நடந்தது. நின்றது. ஒரு கண் வானத்தையும் ஒரு கண் ரெக்லாவையும் பார்த்தது. பிறகு முன்னங்கைகளால் பறிக்க ஆரம்பித்தது.

"பாக்காதீங்க, பாக்காதீங்க," என்று புரா அக்கா எல்லாரையும் விரட்டினாள். "ஆள் பாத்தா விட்டுடும்." ரெக்லா தன் கருப்புச் சால்வையை எடுத்து, இரண்டு நாற்காலியின்மேல் கூடாரம்போலப் போர்த்தினாள். துக்கவீட்டுக்காரி தோளில் ஒன்றுமில்லாமல் நின்றாள்.

பிறகு அந்த வீட்டில் நடந்ததை ஜெபம் என்று சொன்னால் பாதிரியார் ஒத்துக்கொள்ள மாட்டார். சவத்தைச் சுற்றிப் பெண்கள் மணிகளை உருட்டினார்கள். முறைவைத்து ஒருத்தி எழுந்து போய்ச் சால்வை ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "அருள் நிறைந்த மரியே… தலை உள்ள போயிடுச்சு." "தேவமாதாவே… இடுப்புவரைக்கும்." மூன்று மணிக்குப் பல்வலிக்காரி வந்து, வால் மட்டும்தான் தெரிகிறது என்று கிசுகிசுத்தாள். அவள் பல்வலியை மறந்தே போயிருந்தாள். நாலு மணிக்கு மிகேலாவே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "திரும்பிக்கிச்சு அண்ணி. இப்ப தலை மேல, வால் உள்ள. போட ஆரம்பிச்சுடுச்சுபோல."

ஐந்து மணிக்கு ஆண்கள் வந்தார்கள். பெட்டியை மூடுமுன் ரெக்லா குனிந்து காசிமிரோவின் நெற்றியில் முத்தமிட்டாள். அவர் காதருகே, "போட்டுட்டு இருக்கா," என்றாள். சொல்லி முடித்ததும் நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. சத்தமாக, ஏங்கி ஏங்கி அழுதாள். அடக்கி வைக்க அவள் முயலவுமில்லை. மூன்று வருஷம் தொடாதவள் என்று தெரிந்தும் அவர் தன்னிடம்தானே சொல்லிவிட்டுப் போனார் என்று அப்போதுதான் பட்டது.

பெட்டி தெருமுனை திரும்பியது. மணி அடித்தது. பெண்கள் எல்லாரும் முற்றத்துக்கு வந்து, சுவரோரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்துகொண்டார்கள்.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் மார்கேசா மேலே வந்தது. முகமெல்லாம் மணல், வயிறு ஒட்டிப்போய் விலா தெரிந்தது. ஆனாலும் ஓய்ந்து உட்காரவில்லை. குழியை மணலால் நிரப்பி, பின்னங்காலால் மிதித்து மிதித்து இறுக்கியது. எத்தனை முட்டை என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. முப்பதுக்குக் குறையாது என்றாள் புரா அக்கா. அடுத்த ஆகஸ்டில் பொரியும், அதுவரை மணல் காயக் கூடாது என்றும் சொன்னாள்.

கஸ்பர் சுண்ணாம்பு ஒட்டிய காலணியோடு திரும்பி வந்தான். "வெச்சாச்சும்மா. மேல் வரிசை. கடல் தெரியுது."

"இவளும் வெச்சுட்டா."

அவன் பீப்பாயின் பக்கத்தில் குந்தினான். "எவ்வளவு ஆழம்?"

"ஒரு முழம்."

அவன் தலையாட்டினான். உள்ளறையில் மிகேலா மூன்றாவது தடவையாக டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரெக்லா கையை நீட்டி அதை வாங்கினாள். விரலை நனைத்து, பீப்பாயோரம் ஒரு மாதுளை இலையில் நாலு சொட்டு விட்டாள். மார்கேசா நின்று நிதானமாக நக்கிக் குடித்தது. மீதியை மணலைச் சுற்றி, விளிம்பிலிருந்து நடுவரை, துளியும் சிந்தாமல் ஊற்றினாள். மணல் கருத்தது.

காலி டம்ளரை மிகேலாவிடம் கொடுத்தாள். "இப்ப கழுவிடு," என்றாள்.